மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு மலைச் சுற்று: முதல் தடவை சைக்கிளில் நீலகிரி ஏறுபவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80, 100 என்று ஓட்டிப் பழகியவருக்கு 33 என்பது டீ குடித்துவிட்டு வரும் தூரம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வயிறு முட்டப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் காலை எட்டரைக்குக் கிளம்பினேன். கோத்தகிரிக்குச் சற்று முன்னால் வரும் அரவேணுவுக்குக் கீழே ஒரு மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்து, கால் நடுங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது மணி ஒன்றேகால். பையில் தண்ணீர் இல்லை, தின்ன எதுவும் இல்லை, மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அன்று நான் செய்த தவறுகள் ஒவ்வொன்றும் வீட்டில் உட்கார்ந்தே தவிர்த்திருக்கக்கூடியவை.

இங்கே சொல்லப்போவது இரண்டு நாள் சுற்று. முதல் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறித் தங்குவது. மறுநாள் கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா சந்திப்பு வழியாக ஊட்டி, அங்கிருந்து கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டிக் குன்னூர், பர்லியார், கல்லாறு வழியாக மறுபடி மேட்டுப்பாளையம். மொத்தம் 115 கிலோமீட்டர் சொச்சம். பழகியவர்கள் ஒரே நாளில் முடிக்கிறார்கள். முதல் தடவை அந்த ஆசை வேண்டாம்.

உயரத்தை வைத்து நேரம் போடுங்கள்

மலையில் தூரத்தை வைத்து நேரம் போட்டால் கணக்கு உதைக்கும். எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்று பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். ஆக, ஏறவேண்டியது ஏறத்தாழ 1,475 மீட்டர். ஓரளவு பயிற்சி உள்ள புதியவர் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக்கொள்ளலாம். 1,475ஐ 400ஆல் வகுத்தால் மூன்றே முக்கால் மணி நேரம் வருகிறது. டீ, தண்ணீர், மூச்சு வாங்க நிற்பது என்று முக்கால் மணி சேர்த்தால் நாலரை மணி. காலை ஆறேகாலுக்குக் கிளம்பினால் பத்தே முக்காலுக்குக் கோத்தகிரி. நான் எட்டரைக்குக் கிளம்பிய கதை ஏன் அப்படி முடிந்தது என்பது இப்போது புரியும்.

உங்களுடைய எண் 400தானா என்று தெரிந்துகொள்ள, ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு மலையில் ஒரு மணி நேரம் ஏறிப் பார்த்துவிடுங்கள். கைப்பேசிச் செயலிகள் ஏறிய உயரத்தைக் காட்டும். சென்னைக்காரர்களுக்கு ஏலகிரி வசதி. பதினான்கு வளைவுகள்தான், ஒவ்வொன்றுக்கும் கபிலர், பாரி என்று தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறார்கள், படித்துக்கொண்டே ஏறலாம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு. கோவைக்காரர்களுக்கு மருதமலை இருக்கிறது. ஏற்றம் குட்டையானது, அதனால் நாலைந்து தடவை ஏறி இறங்க வேண்டும். மலையே இல்லாத ஊர் என்றால் எதிர்க்காற்றில், கனமான கியரில், உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் விடாமல் மிதித்துப் பழகுங்கள். மேம்பாலத்தில் திரும்பத் திரும்ப ஏறுவதும் உண்டு. ஆனால் பாலம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், மலை முடியாது. காலுக்குப் பழக்க வேண்டியது அந்த முடியாத தன்மையைத்தான்.

எந்த மாதம்

டிசம்பர் பாதிக்கு மேல் மார்ச் வரை நல்லது. ஜனவரியில் ஊட்டியின் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். இந்தத் திட்டத்தில் இரவு தங்குவது கோத்தகிரி என்பதால் அந்தக் குளிரில் காலையில் கிளம்ப வேண்டிய நிலை வராது. கோத்தகிரியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்டோபர், நவம்பர் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில்தான் கொட்டும். 2009 நவம்பரில் அங்கே நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி இது: மழையால் மலை ரயில் ரத்து என்று செய்தி வந்தால் என் பயணமும் ரத்து. தண்டவாளத்தில் மண் விழுந்திருக்கிறது என்றால் பக்கத்துச் சாலையில் மட்டும் விழாதா என்ன?

மே மாதமும் வேண்டாம். மலர்க் கண்காட்சிக் கூட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சீசனில் பெரும்பாலும் சாலைகளை ஒருவழியாக்கிவிடுவார்கள். ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி. நம் திட்டம் அப்படியே தலைகீழாகிவிடும். உங்கள் பையைச் சுமந்துகொண்டு நண்பர் யாராவது காரில் வருகிறார் என்றால், 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் முறை இருப்பதை அவரிடம் சொல்லிவையுங்கள்.

சைக்கிளில் பார்க்க வேண்டியவை

கியர்தான் முதல் விஷயம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலுக்கே நடுவில் ஒரு பல்சட்டம் தேவைப்படுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், அதாவது 8.33 சதவீதம். சாலையின் சராசரி அதைவிடக் குறைவு, ஐந்து சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் நமக்கு நீராவி இல்லை.

முன்னால் சின்ன வட்டில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் என்பது பல ரோடு சைக்கிள்களில் வரும் அமைப்பு. இதில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். மணிக்கு 7 கிலோமீட்டரில் ஏறும்போது நிமிடத்துக்கு 46 சுற்றுதான் வரும். முட்டி ஒவ்வொரு மிதிக்கும் பாரம் தூக்குகிற மாதிரி. பின்னால் 34 பல் உள்ள காசெட் (பல்சக்கர அடுக்கு) போட்டால் அதே வேகத்துக்கு 55 சுற்று. ஒன்பது சுற்றில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு முட்டியைக் கேளுங்கள். சில சைக்கிள்களின் பின் டிரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) 34ஐத் தாங்காது, அதனால் வாங்கும் முன் கடைக்காரரிடம் சைக்கிளையே கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

அடுத்தது பிரேக். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டயர் 28 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, காற்றைக் கல் மாதிரி அடிக்காதீர்கள். இரண்டு ட்யூப், பம்ப், டயர் லீவர், செயின் உடைந்தால் கோர்க்க ஓர் இணைப்புக் கண்ணி. இதோடு டிரெய்லர் ஹேங்கர் ஒன்று உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். பின் கியர் தொங்கும் அந்தச் சின்ன உலோகத் துண்டு ரயிலில், காரில் அடிபட்டு லேசாக வளைந்திருந்தாலும் சமவெளியில் தெரியாது. மலையில் ஏற்றம் கூடும்போது கடைசிக் கியருக்குப் போவீர்கள், அப்போதுதான் டிரெய்லர் ஆரக்கம்பிக்குள் புகுந்து மொத்தத்தையும் முறுக்கிப்போடும். ரயிலிலிருந்து இறக்கியதும் பின் சக்கரத்தைத் தூக்கி, கையால் மிதித்து, கடைசிக் கியர் வரை மாற்றிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

பகலிலும் எரியும் பின்விளக்கு ஒன்று கட்டாயம். மூடுபனியில் பேருந்து ஓட்டுநருக்கு நீங்கள் தெரிவது அந்தச் சிவப்புப் புள்ளியாக மட்டும்தான்.

முதல் நாள்: கோத்தகிரி ஏற்றம்

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அன்றே ஏறத் தொடங்கினால் தாமதமாகிவிடும், தூக்கமும் பாதிதான். முந்தின நாளே வந்து தங்கிவிட்டால் ஆறேகாலுக்கு அலட்டாமல் கிளம்பலாம். அதற்கு முன்னால் வேண்டாம், காரணம் யானை. குஞ்சப்பனைப் பக்கம் சாலையோரம் பலா மரங்கள் உண்டு. பழம் பழுக்கும் காலத்தில் யானைகள் அங்கேயே சுற்றும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, மேலே போகும் பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகு ஏறுவதுதான் சரி. யானை கண்ணில் பட்டால் தள்ளி நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். பேருந்தோ லாரியோ வந்தால் ஓட்டுநரிடம் சொல்லி அதை ஒட்டியே கடந்துவிடலாம். மேலே போகப் போகக் காட்டெருமை. அது சும்மா நிற்கும், திடீரென்று சாலையைத் தாண்டும். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நாலு இட்லி போதும். பொங்கல், பரோட்டா எல்லாம் கோத்தகிரி போய்ச் சேர்ந்த பிறகு. அதன்பின் முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது தின்ன வேண்டும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு கடலை மிட்டாய். பசி எடுத்த பிறகு தின்றால் அது காலுக்கு வந்து சேர அரை மணி ஆகும், அதற்குள் கால் கைவிட்டுவிடும். மேட்டுப்பாளையம் வாழைத்தார் மண்டிக்குப் பேர்போன ஊர், பழத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சட்டையின் பின் பையில் பழம் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு வளைவில் நிற்காதீர்கள். குரங்குக்கு அது எந்தப் பை என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். கீழே எந்தப் பெட்டிக்கடையிலும் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிவிடலாம். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், டீக்கடைகளில் கேட்டாலும் பிடித்துக்கொள்ளலாம். அதனால் சைக்கிளில் இரண்டு பாட்டில் மாட்டி, ஒன்றில் உப்புச்சர்க்கரைக் கரைசல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் வியர்வை கொட்டும், மணிக்கு அரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

பவானி ஆற்றுப் பாலம் தாண்டிச் சாலை பிரிந்ததும் கொஞ்ச தூரம் பாக்குத் தோப்பும் நிழலுமாகச் சமமாகவே இருக்கும். எல்லோரும் ஏமாறும் இடம் இதுதான். உடம்பு புதிது, காற்று குளிர்ச்சி, கூட வருபவர் முந்துகிறார். விடுங்கள், போகட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். வாக்கியம் நடுவில் உடைந்தால் கியரை இறக்குங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்சுற்றில் இருப்போம். அங்கே ஏற்றம் சட்டென்று சுவர் மாதிரி நிற்கும். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நுழைந்த பிறகு மாற்றினால் செயின் கதறும். எதிரே வண்டி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் ஓரத்தை விட்டுச் சற்று வெளியே தள்ளி ஏறலாம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிச்சுற்று. அங்கே ஏற்றம் தளரும், தண்ணீர் குடிக்க, தோளைத் தளர்த்த அதுதான் இடம். பேருந்து ஹாரன் கேட்டால் மட்டும் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். திரும்பும் பேருந்துக்குச் சாலை முழுவதும் தேவை, அதன் பின்பக்கம் வெளியே வீசும். குறுகலான மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. விதி நம் பக்கம்தான், ஆனாலும் பேருந்தோடு அதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

குஞ்சப்பனையில் ஒரு டீ. அதற்கு மேல் தேயிலை தெரியத் தொடங்கும், காற்று மாறும். அரவேணு வந்துவிட்டால் கோத்தகிரி பக்கம்தான். பன்னிரண்டு மணிக்குள் அரவேணு வரவில்லை என்றால் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். வெட்கப்படாமல் நின்று, காய்கறி ஏற்றப் போகும் காலி வேன் எதையாவது நிறுத்திக் கேளுங்கள். கேரட்டும் உருளைக்கிழங்கும் கீழே இறக்கிவிட்டு வெறுமனே மேலே திரும்பும் வேன்கள் நிறைய. என்னை அன்று ஏற்றிக்கொண்டவர் டீசலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை, கோத்தகிரி வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

சேர்ந்ததும் ஈர உடையை மாற்றி, சூடாகச் சாப்பிட்டு, மதியம் தூங்குங்கள். சாயங்காலம் டீயும் வர்க்கியும். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பயிற்சி உணவு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் 1,475 மீட்டர் ஏறியவருக்கு நாலு வர்க்கி பாவமில்லை.

இரண்டாம் நாள்: தொட்டபெட்டா சந்திப்பு வரை

ஏழு மணிக்குக் கிளம்பலாம். கோத்தகிரியிலிருந்து ஊட்டி 29 கிலோமீட்டர். கட்டபெட்டு தாண்டி, படுகர் ஹட்டிகளையும் (படுகர் மக்களின் ஊர்கள்) சரிவில் அடுக்கடுக்காகக் கிடக்கும் காய்கறித் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டே போகும் சாலை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நேற்றைய ஏற்றம் ஒரே சீராக இருந்தது. இன்றைக்கு அப்படி இல்லை, ஏறிய உயரத்தை நடுவில் கொஞ்சம் பறிகொடுத்து மறுபடி ஏற வேண்டியிருக்கும். அந்த ஏமாற்றத்துக்கு மனதைத் தயார்செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தொட்டபெட்டா சந்திப்புதான் இந்தச் சுற்றின் கணவாய். ஒரு பக்கச் சரிவில் ஏறி, முகட்டைத் தாண்டி, மறுபக்கம் ஊட்டிக்குள் இறங்குகிறோம். கோத்தகிரியிலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயரம், பத்து மணிக்குள் வந்துவிடலாம். இங்கிருந்து 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்துக்கு ஒரு கிளைச் சாலை போகிறது, மூன்று கிலோமீட்டர்தான். கால் நன்றாக இருந்து மணி பத்தைத் தாண்டாமல் இருந்தால் போங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து குன்னூர் 19 கிலோமீட்டர். வண்டிகள் அதிகம், கேத்திப் பள்ளத்தாக்கு கண்ணை இழுக்கும். பார்க்க வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அருவங்காடு, வெலிங்டன் தாண்டிக் குன்னூரில் மதியச் சாப்பாடு.

இறக்கம்

புதியவர்கள் திட்டமிடாமல் விடுவது இதைத்தான். ஏற்றத்தில் விழுந்தால் முட்டி சிராய்க்கும். இறக்கத்தில் விழுந்தால் அது வேறு கதை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 34 கிலோமீட்டர், 14 கொண்டை ஊசி வளைவுகள், முன்னும் பின்னும் லாரி, பேருந்து, சுற்றுலா வேன். ஒன்றரை மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். பிற்பகலில் மூடுபனி சேரும். அடிவாரத்துக் கல்லாறு யானைகள் கடக்கும் வழித்தடம், அங்கே சாயங்காலம் போய் நிற்கக் கூடாது.

ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர வித்தியாசம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி என்று வைத்தால் 12 டிகிரி வெப்பநிலை வித்தியாசம். ஏறி வந்த வியர்வை காயாமல் இறங்கினால் முதல் பத்து நிமிடத்திலேயே விரல் மரத்துப்போகும், மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்திருங்கள். அது இல்லையா? டீக்கடையில் நேற்றைய நாளிதழ் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சைக்கிள் ஓட்டுபவர்களின் பழைய வித்தை இது, இன்றும் வேலை செய்கிறது.

கைகளை ஹேண்டிலின் கீழ் வளைவில் வைத்தால் பிரேக்கில் பலம் கிடைக்கும். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குவதுதான் பெரிய தவறு. ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும், டிஸ்க் பிரேக் என்றால் பேட் காய்ந்து வழுக்கும். விடுங்கள், வேகம் கூடட்டும், வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, மறுபடி விட்டுவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பின் முன் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் நழுவும். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிளும் பள்ளத்தைப் பார்த்தே போகும். வளைவின் வெளிப்புறக் காலைக் கீழே வைத்து அதில் எடையை ஊன்றுங்கள்.

கால் மணிக்கு ஒருமுறை அகலமான இடமாகப் பார்த்து நின்று கையை உதறுங்கள். சூடு பார்க்கிறேன் என்று டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், விரல் வெந்துவிடும். ரிம்மில் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் ஆறட்டும். பர்லியாரில் பழக்கடைகள் உண்டு, நிற்க நல்ல சாக்கு. பின்னால் லாரி நெருக்கினால் போட்டி போடாமல் ஒதுங்கி விட்டுவிடுங்கள். லாரி போன பின் கிடைக்கும் காலிச் சாலையில் இன்னும் நிம்மதியாக இறங்கலாம்.

கல்லாறு தாண்டிவிட்டால் வெக்கை முகத்தில் அடிக்கும், சாலை நேராகிவிடும். மேட்டுப்பாளையத்தில் இரவு ரயிலுக்கு நிறைய நேரம் இருக்கும். ஆனால் சைக்கிளை லக்கேஜில் பதிவு செய்ய வேண்டும் என்றால் ரயில் கிளம்பும் நேரத்துக்கு நன்றாக முன்பே நிலையத்தில் இருங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, பின் கியரை மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். அப்படிச் செய்தால் டிரெய்லர் உள்ளே ஒடுங்கி நிற்கும், ஹேங்கர் அடிபட வாய்ப்பு குறைவு.